இஹ்லமூர்த் தேநீர்

துருக்கியின் வடக்கு மலைகளில் செர்விலி என்றொரு ஊர் இருந்தது. ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கு. ஊருக்கு மேலே கணவாய். கணவாயைத் தாண்டிப் போனால் கடற்கரை நகரம். வைத்தியரும் மருத்துவமனையும் அங்கேதான். பனி கொட்டத் தொடங்கியதும் கணவாய் மூடிக்கொள்ளும். அதன் பிறகு வசந்தம் வரும்வரை செர்விலிக்காரர்களுக்கு அந்த நகரம் இல்லாதது போலத்தான்.

கணவாய்க்குப் போகும் பாதையில் ஒரு பழைய சூஃபி மடம். அதைப் பார்த்துக்கொண்டவர் ரெஃபிகா. நாற்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் கிழவர்கள்கூட அவரை அனா என்றே அழைத்தார்கள். அவர்கள் மொழியில் அனா என்றால் தாய்.

மடத்துக் கூடத்தில் ஓர் அடுப்பு அணையாமல் எரியும். அதன்மேல் ஒரு செம்புக் கெண்டி. உத்தரத்திலிருந்து உலர்ந்த பூவும் இலையும் கட்டுக் கட்டாகத் தொங்கும். வருகிறவர்களுக்கு அனா தேநீர் கொடுப்பார். தேயிலை சேராத தேநீர். இஹ்லமூர் மரத்தின் இளமஞ்சள் பூவைக் கொதிநீரில் போட்டால் தேன் மணக்கும். அது இருமலுக்கு. அதாசாய் என்னும் சாம்பல் நிற இலை தொண்டைக்கு. காட்டு ரோஜாவின் சிவந்த காய், உடம்பில் தெம்பில்லாதவர்களுக்கு. பெருஞ்சீரகம் வயிற்றுக்கு. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அனா அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அனாவிடம் ஒரு சீடன் இருந்தான். பெயர் வெய்சல். அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவன். கோவேறு கழுதைகளில் சரக்கேற்றிக் கணவாயைக் கடப்பது அவன் தொழிலாக இருந்தது. ஒரு வருஷம் மலையிலிருந்து இறங்கி வரும்போது காய்ச்சலில் மடத்து வாசலிலேயே விழுந்தான். நெஞ்சு முழுக்கச் சளி. மூச்சு விட்டால் குத்தியது. அனா அவனை அடுப்போரம் கிடத்தினார். இஹ்லமூர்த் தேநீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். பிழைப்பான் என்று யாரும் நினைக்கவில்லை. பிழைத்தான்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் கேட்டான்.

"என்னைக் காப்பாற்றியது எந்த மூலிகை, அனா?"

"தெரியாது."

"இஹ்லமூர்தானே அதிகம் கொடுத்தீர்கள்?"

"அந்த வருஷம் அதுதான் நிறைய இருந்தது."

அவருடைய தன்னடக்கம் என்று வெய்சல் எடுத்துக்கொண்டான். கழுதைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டான். மடத்திலேயே தங்கினான். எந்தச் சரிவில் எது பூக்கும், எதை நிழலில் உலர்த்த வேண்டும், எதைக் கொதிக்க விடலாம், எதன்மேல் வெந்நீரை ஊற்றி மூடி மட்டும் வைக்க வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டான். கைக்குப் பழகிய வேலை போலச் சீக்கிரமே வந்துவிட்டது.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. கோப்பையை நீட்டும்போது அனா எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "குடியுங்கள், இதமாக இருக்கும்."

ஒருநாள் கேட்டுவிட்டான்.

"குணமாகும் என்று ஏன் நீங்கள் சொல்வதில்லை?"

"குணமாகுமா என்று எனக்குத் தெரியாதே."

"எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறது."

"ஆமாம்."

"அப்புறம் என்ன?"

"மற்றவர்களும் இதையேதான் குடித்தார்கள்."

ஊருக்கு மேற்கே கபர்ஸ்தானின் கல்லறைகள் தெரிந்தன. அனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெய்சல் பார்த்தான்.

இன்னொன்றும் நடக்கும். சிலர் வந்து உட்காருவார்கள். அனா அவர்களை விசாரிப்பார், முதுகில் காதை வைத்துக் கேட்பார், நகத்தைப் பார்ப்பார். பிறகு, "இன்றைக்கே மலை ஏறுங்கள். வைத்தியரைப் பாருங்கள்" என்பார். வழிக்கென்று ஒரு குடுவையில் தேநீரை ஊற்றிக் கொடுப்பார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் முகம் எப்படி விழும் என்பதை வெய்சல் பார்த்திருக்கிறான். ஒரு தடவை ஒரு தகப்பன், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலேயே முடியாதா?" என்று கேட்டார். "முடியாது" என்றார் அனா. அந்த மனிதர் திரும்பிப் போன விதம் வெய்சலுக்கு நெடுநாள் கண்ணிலேயே நின்றது. இவ்வளவு கடுமை வேண்டுமா என்று அவனுக்குத் தோன்றியது.

ஓர் இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்கிலிருந்து ஆள் வந்தது. அனாவின் தங்கை சாகக் கிடந்தாள். அனா போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"மடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"யாராவது நோயோடு வந்தால்?"

"தேநீர் கொடுங்கள். மலை ஏற வேண்டியவர்களை ஏறச் சொல்லுங்கள்."

"யார் என்று எனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குப் பயம் வரும். அப்போது சொல்லிவிடுங்கள்."

அனா போன பிறகு வெய்சல் அடுப்புக்கு முன்னால் அவருடைய இடத்தில் உட்கார்ந்தான். முதலில் வந்தது இருமலோடு ஒரு தச்சர். வெய்சல் கோப்பையை நீட்டினான். "குடியுங்கள், குணமாகும்" என்றான். அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. குடிக்குமுன்பே பாதி சரியானவர் போல நிமிர்ந்தார். இரண்டொரு நாளில் இருமலும் நின்றது.

செய்தி பரவியது. கீழ்த்தெருவிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தூக்கம் வராதவர்கள், மூட்டு வலிக்காரர்கள், சாப்பிட்டது செரிக்காதவர்கள். எல்லோரிடமும் வெய்சல் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னான். பலருக்குச் சரியானது. சரியாகாதவர்கள் திரும்ப வரவில்லை. வந்தவர்களை மட்டும்தான் அவன் பார்த்தான்.

"அனாவைவிட உங்கள் கை ராசியானது, வெய்சல் ஆபி" என்றார்கள். ஆபி என்றால் அண்ணன். அவன் மறுத்துச் சொன்னான். ஆனால் அவர்கள் சொன்னது அவனுக்குப் பிடித்திருந்தது.

அந்த நாட்களில்தான் நெஜ்மி வந்தான். காட்டோரத்தில் மரம் எரித்துக் கரி சுடுகிறவன். அதிகம் பேசாதவன். அவனும் அவன் மனைவி மெலிஹாவும் மட்டும்தான் அந்த வீட்டில். வாசற்படியிலேயே நின்றுகொண்டு பேசினான்.

"மெலிஹாவுக்கு ஒரு மாதமாக இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். விலாவில் வலி, ஒரு பக்கமாகவே படுக்கிறாள்."

"உள்ளே வந்து உட்கார், நெஜ்மி."

அவன் உட்காரவில்லை.

"என் மச்சினன் சொல்கிறான், நகரத்தில் ஒரு வைத்தியர் நெஞ்சில் ஊசி போட்டு நீரை எடுத்துவிடுகிறாராம். கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கத்தான் வந்தேன். கணவாய் உங்களுக்குத் தெரியாததா. நீங்கள் என்ன சொன்னாலும் சரி."

வெய்சல் அன்றைக்கே போய் மெலிஹாவைப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். கன்னம் மட்டும் சிவந்திருந்தது. பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். வெய்சலுக்குப் பயம் வந்தது. மலைப்பாதையில் கழுதையின் குளம்பு சறுக்கும்போது வருமே, அது போல. கொஞ்ச நேரம்தான். நெஜ்மி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்கு முன்னால் வெய்சலுக்கு அந்தப் பயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"மேலே காற்று கத்தி மாதிரி இருக்கும். இந்த உடம்போடு கணவாயில் ஏற்றினால் வழியிலேயே முடிந்துவிடும். எனக்கும் இதே நோய்தான் இருந்தது. இஹ்லமூரில்தான் எழுந்தேன்."

"அப்படியானால் சரியாகிவிடுமா?"

"குணமாகும்."

நெஜ்மி அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்று முதல் வெய்சல் தினமும் கெண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மெலிஹாவின் வீட்டுக்குப் போனான். காலையில் இஹ்லமூர், மாலையில் அதாசாய், இடையில் காட்டு ரோஜாக் காயின் சாறு. மெலிஹாவுக்கு அவனைக் கேலி செய்யப் பிடிக்கும்.

"இது ரொம்ப நன்றாக இருக்கிறதே, வெய்சல் ஆபி. மருந்து கொஞ்சம் கசந்தால்தானே நம்பிக்கை வரும்."

"நாளைக்குக் கசப்பாகக் கொண்டுவருகிறேன்."

"வேண்டாம். நம்பிக்கை இல்லாமலே குடிக்கிறேன்."

முதல் சில நாட்கள் அவள் நன்றாக வியர்த்தாள். காய்ச்சல் குறைந்தது போலிருந்தது. ஒருநாள் எழுந்து ரொட்டி சுட்டாள். அந்த ரொட்டியை நெஜ்மி மடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். வெய்சல் அதைப் பிட்டுத் தின்றபோது கண் கலங்கினான். தன்னைப் பிழைக்க வைத்தது இதற்காகத்தான் என்று நினைத்தான்.

பிறகு காய்ச்சல் திரும்ப வந்தது.

வடக்கே வானம் சாம்பல் நிறமாகத் தடித்தது. மேய்ப்பர்கள் ஆடுகளைக் கீழே இறக்கிவிட்டார்கள். நெஜ்மி மறுபடியும் மடத்துக்கு வந்தான். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"தப்பாக நினைக்காதீர்கள். கணவாய் மூடப் போகிறது. போவதென்றால் இப்போதே போக வேண்டும்."

வெய்சல் வெளியே வந்து மலையைப் பார்த்தான். அந்த மேகத்தை அவன் எத்தனையோ வருஷம் பார்த்தவன். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். கழுதையில் ஏற்றி, கம்பளியில் சுற்றி, மெல்ல நடத்திக்கொண்டு போனால் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுவும் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் போங்கள் என்று சொன்னால், முன்பு சொன்னது என்னாவது?

"நான் அவளிடமே பேசுகிறேன்" என்றான்.

மெலிஹா தனியாக இருந்தாள். அவன் ஊற்றிக் கொடுத்த கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்று கேலி செய்யவில்லை.

"அவர் பயப்படுகிறார். கணவாயில் அவருடைய அப்பா செத்துப்போனார், தெரியுமா? ஆனாலும் எனக்காகப் போகத் தயாராக இருக்கிறார்."

"ம்."

"எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள். இதில் எனக்குக் குணமாகுமா?"

வெய்சல் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் விழுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"ஆகும். இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்."

"அப்படியானால் போக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்" என்றாள். கோப்பையைக் காலி செய்து அவனிடம் நீட்டினாள்.

அதற்கடுத்த நாள் பனி கொட்டத் தொடங்கியது. நிற்காமல் கொட்டியது. கணவாய் மூடிக்கொண்டது.

தங்கையை அடக்கம் செய்துவிட்டு அனா பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தார். கீழ்ப்பாதை மட்டும் திறந்திருந்தது. முகம் கறுத்து, கண்கள் உள்ளே போயிருந்தன. வெய்சல் அவருடைய காலணியைக் கழற்றி அடுப்போரம் வைத்தான். தங்கையைப் பற்றிக் கேட்டான். "போய்விட்டாள்" என்றார் அனா. பிறகு ஊரில் யாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வெய்சல் ஒவ்வொருவராகச் சொன்னான். மெலிஹாவைக் கடைசியில் சொன்னான்.

அனா ஈரக் காலணியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

மெலிஹாவின் முதுகில் அவர் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். விரலால் தட்டிப் பார்த்தார். போர்வையை இழுத்துவிட்டார். அவள் நெற்றியில் கையை வைத்து ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். வெளியே வந்ததும் சிரிப்பு இல்லை.

"ஒரு பக்கம் சத்தமே இல்லை. நீர் நிறைந்திருக்கிறது" என்றார்.

பிறகு வெய்சலைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களைக் கூப்பிட்டபோது கணவாய் திறந்திருந்ததா?"

"திறந்திருந்தது."

"அவர்கள் போக நினைத்தார்களா?"

"நினைத்தார்கள்."

அனா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று வெய்சலுக்கு இருந்தது.

விடிந்ததும் அவன் தன் கழுதையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறினான். வைத்தியரை எப்படியாவது கூட்டி வந்துவிடலாம் என்று நினைத்தான். முதல் வளைவில் பனி முழங்கால் வரை இருந்தது. அடுத்த வளைவில் கழுதை நின்றுவிட்டது. இழுத்தான், தள்ளினான், கெஞ்சினான். அது நகரவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக ஏறினான். பனி மார்பு வரை வந்தது. கையால் விலக்கி விலக்கி முன்னேறினான். பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. சத்தம் போட்டு அழுதான். அங்கே யாருமில்லை. இருட்டுமுன் திரும்பினான். கழுதை அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

அவன் கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அனா ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் எடுத்து அவன் காலை அதில் வைத்தார்.

"போக முடியவில்லை" என்றான்.

"தெரியும்."

"தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?"

"நீங்கள் நின்றிருக்க மாட்டீர்கள்."

அதற்குப் பிறகு அனா மெலிஹாவின் வீட்டிலேயே தங்கிவிட்டார். வெய்சல் நொண்டிக்கொண்டே விறகும் நீரும் கொண்டுபோய்க் கொடுத்தான். உள்ளே போகத் துணிவில்லாமல் வாசலிலேயே நிற்பான். ஒருநாள் கதவு திறந்திருந்தது. மெலிஹாவுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. அனா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இஹ்லமூர்த் தேநீரில் துணியை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

அனா வெளியே வந்தபோது வெய்சல் கேட்டான்.

"இனி எதற்கு அது?"

"வாய் உலர்ந்திருக்கிறது."

மெலிஹா ஒரு முற்பகலில் இறந்தாள். அன்று வெயில் அடித்தது. பனி முழுக்கக் கண்ணைக் கூசும்படி மின்னியது. தரை இறுகிப்போயிருந்ததால் கபர் தோண்ட ஆண்கள் மாறி மாறிக் கடப்பாரை போட்டார்கள். வெய்சலும் போட்டான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஜனாஸா என்னும் இறுதித் தொழுகையில் நெஜ்மிக்குப் பின்வரிசையில் நின்றான். நெஜ்மி திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் வெய்சல் மடத்துக்கு வந்து, உத்தரத்தில் தொங்கிய கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். இஹ்லமூர்க் கட்டுகளில் ஒன்றை அடுப்பில் போட்டான். தேன் மணம் கூடம் முழுக்கப் பரவியது. அடுத்த கட்டைக் கையில் எடுத்தபோது அனா வாசலில் நின்றார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"எல்லாம் பொய். இத்தனை வருஷம் பொய்யை உலர்த்தி வைத்திருக்கிறோம்."

"இந்தப் பூ என்ன செய்தது?"

"அவளைக் குணப்படுத்தவில்லை."

"குணப்படுத்துகிறேன் என்று இது சொன்னதா?"

வெய்சல் கையிலிருந்த கட்டு கீழே விழுந்தது. அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்தான். அனா குனிந்து, சிதறிய பூக்களைத் தரையிலிருந்து பொறுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனும் பொறுக்கினான்.

பொறுக்கியதில் ஒரு பிடியை அனா கெண்டியில் போட்டு, கொதித்த நீரை ஊற்றி மூடினார். துணியில் சுற்றினார். வெய்சலிடம் நீட்டினார்.

"நெஜ்மியின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

வெய்சல் கையை நீட்டவில்லை.

"நான் எப்படிப் போவேன்?"

"வழக்கமாகப் போகும் வழியிலேயே."

"வேறு யாரையாவது அனுப்புங்கள், அனா. நீங்கள் போங்கள். என் முகத்தை அவர் பார்க்க வேண்டாம். வசந்தம் வந்ததும் நான் இந்த ஊரைவிட்டே போய்விடுகிறேன்."

"வசந்தம் வரட்டும். இப்போது இதைக் கொண்டுபோங்கள்."

கெண்டியை அவன் கையில் வைத்துவிட்டு அனா உள்ளே போய்விட்டார்.

நெஜ்மியின் வீட்டில் வேறு யாருமில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. வாழ்நாள் முழுக்கக் கரி சுட்டவன், குளிர்ந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மெலிஹாவின் படுக்கையைச் சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தார்கள்.

"ஸலாம்" என்றான் வெய்சல். ஆறுதல் வார்த்தை ஒன்று சொல்வது வழக்கம். அதைச் சொல்லாமல் விட்டான்.

நெஜ்மி தலையை அசைத்தான்.

வெய்சல் மண்டியிட்டு உட்கார்ந்து கோப்பையில் ஊற்றினான். கோப்பையை நெஜ்மியின் முன்னால் வைத்தான். ஆவி எழுந்தது. நெஜ்மி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது எதற்கு?" என்றான்.

வெய்சலுக்கு எல்லாம் மனப்பாடம். இஹ்லமூர் இருமலுக்கு. தூக்கத்துக்கு. மனம் கலங்கியவர்களுக்கு. துக்க வீட்டுக்கு அதைவிட நல்லது கிடையாது என்றுகூட ஊரில் சொல்வார்கள். அவன் துணியை எடுத்தான். கெண்டியை மறுபடி சுற்றினான்.

"கேட்கிறேனே, வெய்சல் ஆபி. இது எதற்கு நல்லது?"

"எனக்குத் தெரியாது, நெஜ்மி. சூடாக இருக்கிறது. அது மட்டும்தான் தெரியும்."

நெஜ்மி முதன்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தான். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வெய்சலுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நெடுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்."

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு மறுபடியும் கோப்பையைப் பார்க்கத் தொடங்கினான்.

வெய்சல் எழுந்தான். கெண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். நொண்டிய காலோடு வேகமாக நடந்தான். மடத்து வாசலை அடைந்தபோது மூச்சிரைத்தது.

அனா காட்டு ரோஜாக் காய்களைப் பிளந்து விதை நீக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"கொடுத்தீர்களா?"

"கொடுத்தேன்."

"குடித்தாரா?"

"இல்லை. எதிரில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்."

"ஏதாவது சொன்னாரா?"

வெய்சல் சொன்னான். நெஜ்மி கேட்டது, தான் சொன்னது, நெஜ்மி திரும்பச் சொன்னது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அனா கைவேலையை நிறுத்தினார்.

"அவர் சொன்னது சரிதான்" என்றார்.

"சரிதான்."

"அப்புறம்?"

"வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை."

வெளியே மறுபடியும் பனி விழ ஆரம்பித்திருந்தது. வெய்சல் கதவருகே நின்றவன் நின்றபடியே இருந்தான். தோளில் விழுந்த பனி உருகி நீராக இறங்கியது.

"நான் என்ன செய்ய வேண்டும், அனா? என்ன செய்தால் அவர் மனம் கொஞ்சமாவது ஆறும்?"

"அது எனக்குத் தெரியாது."

"அப்படியானால் என்னை எதற்கு அங்கே அனுப்பினீர்கள்?"

அனா ஒரு காயை எடுத்துப் பிளந்தார். விதையை நீக்கினார். தட்டில் வைத்தார்.

"நாளைக்கும் கொண்டுபோங்கள்" என்றார். "கோப்பை ஆறும்வரை உட்கார்ந்திருங்கள்."